பான் பாட்டும் அம்மாவின் அந்தூரியமும்

ஒரு வீட்டில் இரண்டு காரியங்களை இரண்டு பேர் செய்யக் கூடாது. ஒன்று, குழம்புக்கு உப்புப் போடுவது. மற்றது, பாட்டுப் போடுவது. உப்புக் கூடினால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாம். பாட்டுக் கூடினால் என்னத்தை ஊற்றுவது?

எங்கள் வீட்டில் பாட்டுப் போட அப்பாவும் இருந்தார், நானும் இருந்தேன். கண்டி நகரத்தில் குமாஸ்தா வேலை முடித்து, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் ஒழுங்கைக்கு, அதாவது குறுகலான சந்துக்கு, ஏறி வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே அப்பாவின் மறு கை கேசட் பிளேயரைத் தட்டிவிடும். மூடி நிற்காது என்பதற்காக அதற்கு ஒரு ரப்பர் பட்டி போட்டிருந்தார். உள்ளேயிருந்து பழைய பாட்டு வரும். சாதாரணப் பழசு இல்லை. எழுதியவர், பாடியவர், மிருதங்கம் வாசித்தவர் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கேட்டவர்களில் அப்பா ஒருவர்தான் மிச்சம் என்று நினைக்க வைக்கிற பழசு.

நான் அப்போது பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். எழுதிவிட்டு இருந்தேன். இலங்கையில் ஏ.எல். எழுதிய பிள்ளையைப் போல ஆபத்தான பிராணி வேறில்லை. பெறுபேறு வரும்வரை படிக்க ஒன்றுமில்லை. வந்த பிறகு பல்கலைக்கழகம் கூப்பிடும்வரை செய்ய ஒன்றுமில்லை. அந்த இடைவெளியில் சிலர் தையல் பழகுவார்கள், சிலர் காதலிப்பார்கள். நான் போனில் பாட்டு 'மிக்ஸ்' பண்ணப் பழகினேன். (காதலித்திருக்கலாம். சேதம் குறைவு.)

எனக்குப் புதுப் பாட்டுத்தான் உயிர். தமிழில் நேற்று வந்தது, சிங்களத்தில் இன்று வந்தது, கொரியாக்காரப் பையன்கள் கூட்டமாக நின்று பாடுவது, எல்லாம் வேண்டும். அப்பாவுக்கு எதுவும் ஆகாது.

"இதுல கருத்து எங்கடி இருக்கு?"

"கொரியா பாஷையில இருக்குப்பா."

"உனக்கு அந்தப் பாஷை தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப கருத்து இருக்குன்னு எப்படித் தெரியும்?"

இப்படிப்பட்ட மனிதரோடு எப்படி வாதாடுவது, சொல்லுங்கள்.

அம்மாவுக்கு இரண்டு கட்சியும் வேண்டாம். "மழைச் சத்தம் போதும், ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்று தோட்டத்துக்குள் போய்விடுவார். தோட்டம் என்று சொன்னதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கண்டியில் தட்டையான நிலமெல்லாம் பெரஹெர ஊர்வலம் போகிற வீதிக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் கொடுத்து முடிந்துவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்தது சரிவு. அந்தச் சரிவை அம்மா மண்வெட்டியால் வெட்டிப் படிபடியாக்கி, கீழ்ப் படியில் கறிவேப்பிலையும் கீரையும், நடுப் படியில் பிகோனியா, மேல் படியில் நிழல் வலைக்குக் கீழே அந்தூரியம் என்று நட்டு வைத்திருந்தார்.

எங்கள் மலையக ஆட்களுக்குத் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம். அம்மா பிறந்தது அப்படியொரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். வாசற்படிக்கு முன்னால் ஒரு மிளகாய்க் கன்று வைத்தாலும் நாளைக்கு யார் பிடுங்கச் சொல்வார்களோ என்ற இடம். "தோட்டத்துல பொறந்தோம், ஒரு முழம் தோட்டம் நமக்கு இருந்ததில்ல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு அதைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கிண்டினார், நட்டார், உரம் போட்டார், எங்கள் ஒழுங்கை நலன்புரிச் சங்கத்தின் வீட்டுத்தோட்டப் போட்டியில் ஒவ்வொரு வருஷமும் கலந்துகொண்டார், ஒவ்வொரு வருஷமும் தோற்றார்.

ஜெயிப்பது எப்போதும் முன்வீட்டுப் பத்மா அக்காதான். பத்மா அக்கா நல்ல மனுஷி. சித்திரைப் புதுவருஷத்துக்கு அவர் எங்களுக்குப் பாற்சோறு அனுப்புவார், தீபாவளிக்கு நாங்கள் அவருக்கு முறுக்கு அனுப்புவோம். இந்தப் பலகாரத் தட்டுக்களுக்குக் கீழே ஒரு பூச்செடி யுத்தம் நடந்துகொண்டிருந்தது. இந்தக் கதை நடப்பதற்கு முந்தின வருஷம் பத்மா அக்கா மூங்கில் குழாய் ஒன்றில் தண்ணீரை ஓடவிட்டு, அது ஒரு கல்தொட்டியில் 'களக் களக்' என்று விழும்படி செய்திருந்தார். தீர்ப்புச் சொல்ல வந்தவர்கள் அதன் பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார்களாம்.

"பூவப் பாத்தா மார்க்கு போட்டாங்க? சத்தத்தக் கேட்டுல்ல போட்டாங்க" என்று அம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்த வேகத்தில் மூடி தரையில் உருண்டது.

அந்த வருஷம் அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மேல் படியில் ஒரு அந்தூரியம். சின்னக் கன்றாக வாங்கி வந்து, தேங்காய்த் தும்பும் கரியும் கல்லும் கலந்து வைத்து, பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்தது. (உண்மையில் பிள்ளையை இவ்வளவு கவனமாக வளர்க்கவில்லை. பிள்ளைதான் இதை எழுதுகிறது, அதற்குத் தெரியும்.) போட்டி நெருங்கும்போது அது பூத்தது. சோற்றுத் தட்டு அகலத்தில் கருஞ்சிவப்பு, கரை மட்டும் பச்சை. ஒழுங்கையில் யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. பத்மா அக்காவே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சாந்தி நங்கி, ஹரி லஸ்ஸனய்" என்று சொல்லிவிட்டு, உடனே தன் மூங்கில் குழாயைக் கழுவப் போனார். எதிரி தங்கச்சி என்கிறாள், மிக அழகு என்கிறாள், பயப்படுகிறாள். அம்மா அன்று இரண்டு தடவை தேநீர் குடித்தார்.

"இந்த வருஷம் நம்மகிட்ட பூ இருக்கு. சத்தம் மட்டும் இல்ல" என்றார்.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

"சத்தத்த நான் பாத்துக்கிறேன்மா."

அம்மா என்னை நம்பவில்லை. ஆனால் வேறு யாரும் முன்வரவில்லை. இந்த நாட்டில் பாதி நியமனங்கள் இப்படித்தான் நடக்கின்றன.

அப்பா உடனே நிபந்தனை வைத்தார். பழைய பாட்டுத்தான் போட வேண்டும். செடிக்குப் பழைய பாட்டுத்தான் பிடிக்குமாம். தான் பாடிக்கொண்டே தண்ணீர் ஊற்றுகிற பிகோனியாவைப் பார், எப்படித் தழைத்திருக்கிறது என்றார். ஊற்றுகிற தண்ணீரால் தழைத்திருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. நான் புதுப் பாட்டில்லாமல் ஒரு வயரைக்கூடத் தொடமாட்டேன் என்றேன். கடைசியில் அம்மா தீர்ப்புச் சொன்னார்: முதலில் ஒரு பழைய பாட்டு, பிறகு ஒரு புதுப் பாட்டு, இரண்டும் மெதுவாக, இரண்டு பேரும் இனி இதைப் பற்றி வாயைத் திறந்தால் இரவுச் சாப்பாடு கிடையாது.

சாதாரண ஆள் என்றால் இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். நான் சாதாரண ஆளா? பழசு முடிந்து புதுசு தொடங்கும் இடத்தில் ஒரு பாலம் வேண்டும் என்று எனக்குப் பட்டது. அப்பாவின் காலத்துக்கும் என் காலத்துக்கும் பொதுவான ஓசை. இந்த மண்ணின் ஓசை. கேட்ட உடனே யாரும் 'ஆஹா, நம்முடையது' என்று நெஞ்சில் கை வைக்க வேண்டும். ஒரு பின்னேரம் வாசலில் உட்கார்ந்து இதை யோசித்துக்கொண்டிருக்கும்போது, ஒழுங்கைத் தலைப்பில் அந்த ஓசை தானாகவே கேட்டது.

சூன் பான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பான், அதாவது பேக்கரி ரொட்டி, வீடு தேடி வரும். கண்ணாடிப் பெட்டி கட்டிய முச்சக்கரவண்டி, உள்ளே பான், மீன் வைத்த மாலு பான், சீனி தூவிய கிம்புலா பனிஸ். கூரையில் ஒரு சின்ன ஸ்பீக்கர். அதில் ஒரே ஒரு மெட்டு, சிணுங்குகிற மாதிரி, முடிவில்லாமல். நாடு முழுவதும் அதே மெட்டுத்தான். யார் அதைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏன், என்று எவருக்கும் தெரியாது. ஆனால் அது கேட்டால் தூங்குகிற குழந்தையும் எழுந்து தட்டைத் தேடும்.

எங்கள் ஒழுங்கைக்கு வருவது நிசார் நானா. அலவத்துகொடையைச் சேர்ந்தவர்; அவர்கள் அண்ணனை நானா என்பார்கள். எங்கள் வீடு ஒழுங்கையின் முடிவில் இருப்பதால் எங்கள் வாசலில்தான் வண்டியைத் திருப்புவார். பான் வெட்டும்போது விழும் ஓரங்களை நாய்களுக்குப் போடுவார். அதனால் மெட்டுக் கேட்டவுடன் முதலில் வருவது நாய்கள், பிறகு பிள்ளைகள், பிறகு பெரியவர்கள்.

நான் போனை நீட்டிக்கொண்டு போனேன்.

"என்னத்துக்கு மகள் ரெக்கோட் பண்ணுறீங்க?" என்றார் நிசார் நானா.

"ஒரு கலை முயற்சி நானா."

"நல்லாப் பண்ணுங்க. அந்தப் பாட்டக் கேட்டுக் கேட்டு, எனக்கு வூட்டுல தண்ணி மோட்டர் ஓடினாலும் பான் எடுத்துக் குடுக்கச் சொல்லுது."

அன்றே அந்த மெட்டைப் பாலமாக வைத்தேன். கீழே மெதுவாக ஒரு தாளம். மெட்டு ஒரு சுற்று வரும், மறுபடி வரும், மறுபடியும் வரும், அப்படியே என் கொரியாப் பாட்டுக்குள் கரையும். ஹெட்போனில் கேட்டபோது எனக்கே கண் கலங்கியது. வீட்டில் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. மேதைகள் முன்கூட்டிக் காட்டமாட்டார்கள் என்று ஒரு எண்ணம்.

அதற்கு அடுத்த சில நாட்களில் ஊரில் ஒரு சின்னக் கஷ்டம். நிசார் நானாவின் வண்டி பழுதாகி கராஜில் கிடந்தது. ஒழுங்கைக்குப் பான் வரவில்லை. பத்மா அக்கா வீட்டில் நாலு மணித் தேநீரைக் கிறீம் கிராக்கர் பிஸ்கட்டுடன் குடித்தார்கள். நாய்கள் தலைப்பில் போய் உட்கார்ந்து வீதியைப் பார்த்தபடியே இருந்தன. இதையெல்லாம் என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்தும் மண்டையில் ஒன்றும் ஓடவில்லை.

போட்டி நாள் வந்தது. என் சின்ன ஸ்பீக்கர் மேல் படியிலிருந்து நடுப் படிக்கே கேட்கவில்லை. அப்பா, "நான் கொண்டாறேன் பாரு" என்று போய், கோயில் திருவிழாவுக்குச் சவுண்ட் போடும் தன் சிநேகிதரிடம் ஒரு பெட்டியை வாங்கி வந்தார். பெட்டி என்றால் அலுமாரி மாதிரி. அதைத் தூக்கி வைக்க நாங்கள் இரண்டு பேரும் பட்ட பாட்டில் கீழ்ப் படியின் கீரை பாதி அப்போதே போய்விட்டது. அதன் திருகிகளில் எழுதியிருந்ததெல்லாம் தேய்ந்து, எது சத்தம் எது என்னவென்று தெரியாது. போனை அதற்கு வயரால்தான் பொருத்த முடிந்தது.

நல்ல தோட்டத்தில் பாட்டு எங்கிருந்து வருகிறது என்று தெரியக் கூடாது. ஆகவே பெட்டியை மேல் படியில், நிழல் வலைக்குள், அந்தூரியங்களுக்குப் பின்னால் தள்ளி, பன்னச் செடிகளின் அடர்ந்த இலைகளால் மறைத்தேன். மழை வந்தாலும் வரும் என்று போனை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு அங்கேயே வைத்தேன். வாசல் படலை முழுக்கத் திறந்து கிடந்தது, தீர்ப்பாளருக்கு மரியாதை என்று.

தீர்ப்பாளராக வந்தவர் ஓய்வு பெற்ற விவசாயப் போதனாசிரியை. எல்லாரும் டீச்சர் என்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு வந்து எத்தனையோ காலம். குடையும் கன்வஸ் சப்பாத்துமாகப் படியேறி வந்தார். அம்மா மடிப்புக் கலையாத சேலையில் நின்றார். கை மட்டும் முந்தானையைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது.

"முதல்ல மண்ணைப் பாப்பம்" என்று டீச்சர் பிகோனியாத் தொட்டியில் விரலை விட்டு, எடுத்து, மணந்து பார்த்தார். "ஓம், நல்லாப் பதப்படுத்தியிருக்கிறியள்."

நான் மேலே ஓடிப் பாட்டைப் போட்டுவிட்டு, குளிர்பானத் தட்டோடு ஓடி வந்தேன். பழைய பாட்டு மெதுவாக, செடிகளுக்குள்ளிருந்து வந்தது. டீச்சர் நின்றார். முகம் மலர்ந்தது.

"எங்கட காலத்துப் பாட்டெல்லோ! ஆர் போட்டது?"

அப்பா மீசையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் 'கருத்து' என்ற சொல் எழுதியிருந்தது.

டீச்சர் மேல் படிக்கு ஏறினார். அந்தூரியத்தின் முன் குனிந்தார். பூவின் கரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"உந்தக் கரைப் பச்சை... நான் இப்பிடி ஒண்டு வீட்டில வளர்த்துக் காணேல்லை. எவ்வளவு காலமா வச்சிருக்கிறியள்?"

"சின்னக் கன்னா வாங்கி வந்தது மிஸ்" என்றார் அம்மா. "பூக்குமோ பூக்காதோன்னு..."

டீச்சர் கையிலிருந்த அட்டையில் பேனாவை வைத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பத்மா அக்காவின் மூங்கில் குழாய் களக் களக் என்றது, யாரும் அதைக் கேட்கவில்லை.

பழைய பாட்டு முடிந்தது. பாலம் தொடங்கியது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன், பெருமையில். திறந்தபோது அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவி" என்றார். "இது என்னாடி?"

முன்வீட்டுப் படலை 'தடால்' என்று திறந்தது. பத்மா அக்காவின் நாய் ப்ரவுணி (நிறம் கறுப்பு, கேட்காதீர்கள்) ஒரே பாய்ச்சலில் எங்கள் வாசலுக்குள் வந்தது. அதற்குப் பின்னால் ஒழுங்கையின் மற்ற நாய்கள். அவற்றுக்குப் பின்னால் பிள்ளைகள். பிறகு தட்டோடும் துணிப்பையோடும் ஒழுங்கை முழுவதும். நாள்கணக்கில் பான் காணாத ஜனம். கோயில் பெட்டியின் சத்தம் அடுத்த ஒழுங்கைக்கும் போயிருந்தது, அங்கேயிருந்தும் ஆட்கள் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள்.

"பான் கோ?" என்றார் முதலில் வந்த மாமா. (பான் எங்கே என்பதைச் சிங்களத்தில் இதைவிடச் சுருக்கமாகக் கேட்க முடியாது.)

"பான் இல்லீங்க, இது பாட்டு" என்றேன்.

"பாட்டு கேக்குது புள்ள, வண்டி எங்க?"

"வண்டி இல்லீங்க!"

"வண்டி இல்லாம எப்படிப் பாட்டு?"

நியாயமான கேள்வி. அதற்கு நான் பதில் தயாரிப்பதற்குள், சத்தம் மேலே இருந்து வருவதைக் கண்டுபிடித்து, கூட்டம் படியேறத் தொடங்கியது. வண்டியை மேலே ஒளித்து வைத்திருக்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். வேண்டியவர்களுக்கு மட்டும் பான் கொடுக்கிற குடும்பம்!

"நிப்பாட்டுடி!" என்று அம்மா கத்தினார்.

போன் பெட்டியோடு, பெட்டி பன்னத்துக்குப் பின்னால், பன்னத்துக்கு முன்னால் டீச்சரும் நாய்களும். என் கையில் குளிர்பானத் தட்டு. நான் நின்ற இடத்திலேயே இடமும் வலமும் ஆடினேன். அப்பாதான் பாய்ந்து போய் வலைக்குள் கையை விட்டு ஒரு திருகியைத் திருகினார். அது சத்தத்தைக் குறைக்கும் திருகி இல்லை. திருவிழாவில் அறிவிப்பாளரின் குரல் மலையில் மோதித் திரும்புவதுபோல் கேட்க வைக்கும் திருகி. அதற்குப் பிறகு கேட்டது ஒரு பான் வண்டி இல்லை. கண்டியைப் பிடிக்க வருகிற பான் வண்டிப் படை.

நாய்களுக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. ப்ரவுணி வலையைத் தலையால் முட்டிக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. மற்றவையும் போயின. பான் ஓரம் அங்கேதான் இருக்கிறது என்று அவற்றுக்குச் சந்தேகமேயில்லை. அந்தூரியத் தொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. டீச்சர் குடையைக் குறுக்கே பிடித்துத் தன்னைக் காத்துக்கொண்டார். கருஞ்சிவப்புப் பூ ஒரு தடவை மேலே எழும்பியதைப் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை.

அம்மா "ஐயோ" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

இவ்வளவும் போதாது என்று, அதே நேரத்தில் ஒழுங்கைத் தலைப்பிலிருந்து இன்னொரு தடவை அதே மெட்டு. வண்டி திருத்தி எடுத்த சந்தோஷத்தில் நிசார் நானா முதல் சவாரி வருகிறார். வந்தவர், தனக்கு முன்னாலேயே தன் பாட்டு தன் ஒழுங்கையில் ஓடுவதைக் கேட்டிருக்கிறார். வீடுகளில் ஆள் இல்லை. நாய்கூட இல்லை. படலையில் வண்டியை நிறுத்திவிட்டு, பான் எடுக்கும் இடுக்கியை ஓங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"யாரு அது? என்ட ரூட்டுல, என்ட பாட்டப் போட்டு, என்ட ஆக்களுக்குப் பான் விக்கிறது யாரு? வெளிய வரச் சொல்லுங்க!"

யாரும் வெளியே வரவில்லை. எல்லாரும் நின்று என்னைப் பார்த்தார்கள்.

"நானா, அது நான்தான்" என்றேன்.

"நீங்களா மகள்? நீங்க பேக்கரி போட்டிட்டீங்களா?"

"இல்ல நானா. கலை முயற்சி."

நிசார் நானா இடுக்கியைத் தாழ்த்தினார். அதுவரை அவர் வண்டியின் மெட்டும் என் பெட்டியின் மெட்டும் அரைத் தாளம் தள்ளித் தள்ளி ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. கூட்டத்துக்கு இப்போது உண்மையான வண்டி எது என்று தெரிந்துவிட்டது. எல்லாரும் திரும்பி இறங்கினார்கள். ஏறும்போது தப்பிய பிகோனியா, இறங்கும்போது தப்பவில்லை.

அம்மா யாரையும் பார்க்காமல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கிழிந்த வலைக்குள் நடந்து போய், வயரைப் பிடுங்கினார். மெட்டு நின்றது.

என் கொரியாப் பாட்டு தொடங்கவேயில்லை. அவ்வளவு பாடுபட்டு அமைத்த பாலத்தில் அக்கரைக்கு யாருமே போகவில்லை. அன்று எல்லாருக்கும் ஒவ்வொரு துக்கம் இருந்தது, என் துக்கத்தைக் கேட்க மட்டும் ஆளில்லை.

டீச்சரைக் கதிரையில் உட்கார வைத்தோம். நிசார் நானா அவருக்கு ஒரு கிம்புலா பனிஸ் கொண்டுவந்து கொடுத்தார். டீச்சர் அதைப் பிய்த்துத் தின்றபடி தோட்டத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"நான் இப்ப இருக்கிறதுக்குத்தான் மார்க்ஸ் போடலாம், பிள்ளை. இருந்ததுக்குப் போட ஏலாது" என்றார் அம்மாவிடம், மிகவும் வருத்தமாக. பிறகு என்னைப் பார்த்து, "உமக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியுமோ?" என்றார்.

அந்த வருஷமும் பத்மா அக்காதான் முதலாவது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். பொழுது சாய, தட்டோடு வந்தவர்கள் ஒவ்வொருவராக வெறுங்கையோடு வந்து படலையில் நின்றார்கள். பத்மா அக்கா முன்னால், ப்ரவுணியைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு. "சாந்தி நங்கி, மன்னிச்சிருங்க. பல்லா மோடயா" என்றார். நாய் முட்டாளாம். (நாயை மட்டும் சொன்னது அவருடைய பெருந்தன்மை.)

அம்மா மேல் படியில் குந்தியிருந்து முறிந்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்தூரியம் முறிந்தாலும் சாகாது. வேரோடு இருக்கிற துண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக நடலாம். அந்த ஒரு செடி அன்று பல துண்டாகியிருந்தது. அம்மா நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை, கோபம்.

"மன்னிப்பெல்லாம் வேணாம். ஒடச்சவங்களே வளத்துக் காட்டுங்க" என்று ஆளுக்கொரு துண்டைக் கையில் திணித்தார். "தும்பு போடுங்க, கரி போடுங்க, வெயில்ல வைக்காதீங்க. செத்துச்சு, அப்புறம் இருக்கு."

தண்டனையாகக் கொடுத்தார். ஜனங்கள் தண்டனையாகவே வாங்கிப் போனார்கள்.

அந்தத் துண்டுகள் எல்லாம் வளர்ந்து தொலைத்தன! எங்கள் வீட்டில் மிஞ்சிய அடிக்கட்டை முனகிக்கொண்டிருக்க, பத்மா அக்கா வீட்டில் அது தட்டுத் தட்டாகப் பூத்தது. பின்னொரு வருஷம் போட்டியில் அவர் முதலாவது வந்தது அந்தப் பூவால்தான். டீச்சர் அது என்ன இனம் என்று கேட்டிருக்கிறார். பத்மா அக்கா யோசிக்காமல், "பான் மல்" என்றிருக்கிறார். பான் பூ. அன்றிலிருந்து அந்தூரியத்துக்கு எங்கள் ஒழுங்கையில் வேறு பெயர் இல்லை.

"என் பூவாலேயே என்னைத் தோக்கடிச்சா. சரி, போகட்டும். பேராவது ஒழுங்கா வச்சாளா?" என்று அம்மா இன்றைக்கும் எரிந்து விழுவார்.

ஆனால் ஒன்று. முன்பெல்லாம் பான் வாங்க என்னையோ அப்பாவையோ அனுப்பும் அம்மா, இப்போது மெட்டுக் கேட்டால் தானே பையை எடுத்துக்கொண்டு இறங்குகிறார். வண்டி எங்கள் வாசலுக்குத்தான் வரும், இறங்க வேண்டிய தேவையே இல்லை. இருந்தாலும் தலைப்புவரை நடந்து போய், ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று எட்டிப் பார்த்து, "தண்ணி கூடிப்போச்சு", "தொட்டிய மாத்துங்க", "யாரு இத வெயில்ல வச்சது?" என்று அதட்டிவிட்டுத்தான் பான் வாங்குகிறார்.

"உங்கம்மா பான் வாங்கவா போறா? தேயிலை மலையில வேல பாக்கிறாங்களான்னு பாக்கப் போறா, கங்காணி மாதிரி" என்று அப்பா சிரிப்பார், அம்மாவுக்குக் கேட்காத தூரத்தில். எங்கள் தாத்தாக்களை விரட்டி வேலை வாங்கிய கங்காணிகள் யாரும் இவ்வளவு தூரம் நடந்திருக்கமாட்டார்கள்.

சங்கத்தின் போட்டி விதிகளில் இப்போது ஒரு புது வரி இருக்கிறது: பார்வையிடும் நேரத்தில் எந்தத் தோட்டத்திலும் பாட்டுப் போடக் கூடாது, பழையதும் கூடாது, புதியதும் கூடாது. இந்தப் 'பழையதும்' என்ற சொல்லுக்காக அப்பா என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

நான் கொழும்பில் வேலை செய்கிறேன். பின்னேரங்களில் அம்மாவுக்குப் போன் எடுப்பேன். வேலையில் ஒரு பிரச்சினை, மனதில் ஒரு கவலை என்று நான் சொல்லத் தொடங்கிய பிறகுதான், குறி வைத்தது மாதிரி, அந்தப் பக்கம் தூரத்தில் சிணுங்கல் கேட்கும். முதலில் ப்ரவுணியின் பேரன் குரைக்கும். பிறகு அம்மா அவசரமாக,

"உன் பாட்டு வந்துருச்சு, வையி" என்பார்.

வைத்துவிடுவார்.